குறைந்த பட்ஜெட்டில் ஓவர்கிளாக் கம்ப்யூட்டர்: பிராசசரும் மெமரியும் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஓவர்கிளாக்கிங் பற்றி நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. ஒன்று, அது லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தண்ணீர்க் குழாயெல்லாம் மாட்டிக்கொண்டு செய்யும் வேலை. இரண்டு, நாம் செய்தால் பிராசசர் எரிந்துவிடும். இரண்டுமே முழு உண்மை இல்லை. கம்பெனி நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் பிராசசரையோ மெமரியையோ இயக்குவதுதான் ஓவர்கிளாக்கிங். அது பிரபலமானதே விலை குறைந்த பிராசசர்களால்தான்.

1998-ல் வந்த இன்டெல் செலரான் 300ஏ பிராசசரை எடுத்துக்கொள்ளுங்கள். 66 மெகா ஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 4.5-ஆல் பெருக்கி 300 மெகா ஹெர்ட்ஸில் ஓடியது. மதர்போர்டில் பஸ் வேகத்தை 100 என்று மாற்றினால் அதே பிராசசர் 450-ல் ஓடியது. அப்போது இன்டெலின் உயர்ந்த டெஸ்க்டாப் பிராசசரான பென்டியம் 2-ன் வேகமும் 450 தான். 2007-ல் வந்த பென்டியம் டூயல் கோர் இ2160-ம் இதே கதை. 200-ஐ 9-ஆல் பெருக்கினால் 1.8 கிகா ஹெர்ட்ஸ். 200-ஐ 333 ஆக்கினால் 3 கிகா ஹெர்ட்ஸ். ஆனால் பஸ் வேகத்தை ஏற்றும்போது மெமரியும் கூடவே ஏறும். 333 பஸ்ஸுக்கு டிடிஆர்2-667, 400 பஸ்ஸுக்கு டிடிஆர்2-800 தேவைப்பட்டது. மலிவான மெமரி போட்டவர்களின் பிராசசர் பாதியிலேயே நின்றுவிடும். அந்தக் காலத்திலும் பிராசசர் தேர்வும் மெமரி தேர்வும் ஒரே வேலையாகத்தான் இருந்தன.

2011 ஜனவரியில் வந்த சாண்டி பிரிட்ஜ் பிராசசர்களோடு இந்த வழியை இன்டெல் அடைத்துவிட்டது. பேஸ் கிளாக்கை மாற்றினால் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாமே சேர்ந்து ஏறுகிற மாதிரி அமைப்பு வந்தது. நாலைந்து மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் ஹார்ட் டிஸ்க்கே தகராறு செய்யும். பெயரின் கடைசியில் 'கே' இருக்கும் விலை உயர்ந்த பிராசசர், அதற்கேற்ற சிப்செட் உள்ள மதர்போர்ட் இரண்டும் சேர்ந்தால்தான் ஓவர்கிளாக். நடுவில் 2014-ல் பென்டியம் ஜி3258 என்ற ஒரே ஒரு மலிவு பிராசசரைத் திறந்துவிட்டார்கள். பட்ஜெட் பிரியர்களுக்கு அது ஒரு தீபாவளி. அவ்வளவுதான்.

சரி, இன்றைக்கு ஒரு சாதாரண வீட்டு கம்ப்யூட்டரில் ஓவர்கிளாக் செய்ய எதை வாங்குவது? அதுவும் வெயில் காலத்தில் மொட்டை மாடி சூடு ராத்திரி பத்து மணிக்கும் இறங்காத தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்து வீடுகளில்?

ஒரு உண்மையான தேவை

சேலையூரில் கடை வைத்திருக்கும் என் மாமா, இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்க 45,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார். சீட்டு எடுத்த பணம். மானிட்டர் தனி. பையனுக்கு புரோகிராமிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங், நிறைய கேம்ஸ். "ஓவர்கிளாக் பண்ற மாதிரி வேணும் அண்ணா" என்பது அவன் நிபந்தனை. மாமாவின் நிபந்தனை வேறு. "கடைக் கணக்கு டேலியில அதுலதான் போடப் போறேன். அக்கா கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் அதுலதான் இருக்கும். நடுவுல நிக்கக் கூடாதுப்பா."

இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரியும். சரியான பாகங்களை வாங்கி, சரியாக டெஸ்ட் செய்தால் இரண்டையும் நிறைவேற்றலாம். நம் வாசகர்கள் பலர் வீட்டிலும் இதே நிலைமை இருக்கும் என்பதால் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை விரிவாகவே எழுதுகிறேன். விலைகளைப் போடவில்லை. 2025 கடைசியில் மெமரி விலை ஏற ஆரம்பித்ததிலிருந்து காலையில் சொன்ன விலை மாலையில் இருப்பதில்லை. ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் போய்விடுவதால் வீட்டு உபயோகத்துக்கு வருவது குறைந்துவிட்டது. மைக்ரான் நிறுவனம் தன் குருஷியல் பிராண்ட் விற்பனையையே நிறுத்திக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. முன்பெல்லாம் மெமரி என்பது பட்ஜெட்டில் கடைசி வரி. இப்போது பிராசசருக்குச் சமமாகப் பணம் கேட்கிறது. தப்பான மெமரியை வாங்கிவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது.

பிராசசர்: எது திறந்திருக்கிறது?

இன்டெலில் ஐ3-12100எஃப், ஐ5-12400எஃப் இரண்டும் நல்ல பிராசசர்கள். ஆனால் பூட்டியவை. 2022-ல் சில பி660 மதர்போர்டுகளில் பேஸ் கிளாக் மூலம் இவற்றை ஏற்ற முடிந்தது. இன்டெல் அதை விரும்பவில்லை. அந்த போர்டுகளும் மலிவானவை அல்ல. எனவே ஓவர்கிளாக் என்ற நோக்கத்தில் இவற்றை விட்டுவிடலாம். ஓவர்கிளாக் வேண்டாம், நல்ல கம்ப்யூட்டர் போதும், கிராபிக்ஸ் கார்டும் வாங்கப் போகிறேன் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு 12400எஃப் வாங்கலாம்.

ஏஎம்டியில் ரைசன் டெஸ்க்டாப் பிராசசர்கள், 5800எக்ஸ்3டி போன்ற ஒன்றிரண்டு தவிர, எல்லாமே திறந்தவை. பூட்டு மதர்போர்டில் இருக்கிறது. ஏ320, ஏ520 சிப்செட்டில் பிராசசர் ஓவர்கிளாக் கிடையாது. மெமரியை மட்டும் ஏற்றலாம். பி450, பி550-ல் இரண்டும் முடியும். ஏஎம்5 வகையிலும் இப்படித்தான். ஏ620-ல் பிராசசர் ஓவர்கிளாக் இல்லை, பி650-ல் உண்டு. விலை கம்மி என்று ஏ520 போர்டை வாங்கி வந்துவிட்டு மெனுவைத் தேடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஏஎம்4 வகையில் நம் பட்ஜெட்டுக்கு மூன்று பிராசசர்கள். ரைசன் 5 5500, 5600, 5600ஜி. மூன்றுக்கும் 6 கோர், 12 திரெட், 65 வாட். 5600-க்கு 32 எம்பி எல்3 கேஷ், பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0. மற்ற இரண்டுக்கும் 16 எம்பி, 3.0. உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பது 5600ஜி-யில் மட்டும்தான். அதன் கிராபிக்ஸ் 1900 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் வேகா 7.

கிராபிக்ஸ் கார்ட் வாங்கப் பணம் இருந்தால் 5600. இல்லையென்றால் 5600ஜி. 5500 வாங்கினால் கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம் வேண்டும், ஆனால் 5600 அளவு வேகமும் கிடைக்காது. மிச்சமாகும் பணம் சொற்பம். பழைய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தால் மட்டும் யோசியுங்கள். 5600ஜி எடுத்து பின்னால் கார்ட் சேர்க்க நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகள் நான்கு பாதை மட்டும் உள்ளவை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-ல் போட்டால் வேகம் குறையும். எட்டு அல்லது பதினாறு பாதை உள்ள கார்டாகப் பாருங்கள்.

ஏஎம்5 ஏன் இல்லை என்று கேட்கலாம். அதற்கு டிடிஆர்5 மெமரி கட்டாயம். மெமரி விற்கும் விலைக்கு அந்தப் பக்கம் போனால் 45,000-ல் எஸ்எஸ்டி-க்குப் பணம் இருக்காது. சில வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றும் திட்டமும், கையில் இன்னும் பத்து பன்னிரண்டாயிரமும் இருப்பவர்கள் அங்கே போகலாம்.

மாமா பையனுக்கு 5600ஜி, பி550 போர்ட் என்று முடிவானது. போர்ட் எடுக்கும்போது பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் விஆர்எம் பகுதியில் ஹீட் சிங்க் இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட் சிங்க் இல்லாத போர்ட் ஏசி அறையில் சமாளிக்கும். நம் வீடுகளில் கஷ்டம். பழைய ஸ்டாக் போர்டாக இருந்தால் 5000 வரிசைக்கு பயாஸ் அப்டேட் தேவைப்படலாம். கடையிலேயே பிராசசரை மாட்டி ஆன் செய்து காட்டச் சொல்லிவிடுங்கள்.

பிராசசரை எவ்வளவு ஏற்றலாம்?

இங்கே நான் சொல்வது பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். அதிகம் ஏற்ற வேண்டாம்.

பிராசசர் உருவாக்கும் சூடு, வேகத்துக்கு நேர் விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்திலும் ஏறும். உதாரணத்துக்கு, எல்லா கோர்களும் 1.2 வோல்டில் 4.2 கிகா ஹெர்ட்ஸ் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அதை 4.5 ஆக்க 1.35 வோல்ட் கொடுக்கிறீர்கள். வேகம் 7 சதவீதம் கூடியது. வோல்டேஜ் 12.5 சதவீதம் கூடியது. அதன் வர்க்கம் 1.27 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் சூடு சுமார் 35 சதவீதம் கூடிவிட்டது. 7-க்கு 35. இந்த வியாபாரம் நமக்குக் கட்டுப்படியாகாது.

யூடியூபில் பார்க்கும் ஓவர்கிளாக் வீடியோக்களில் அறை வெப்பநிலை பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி. ஹீட் சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது அறைக் காற்றுக்குத்தான் சூட்டைக் கொடுக்கிறது. அறை 12 டிகிரி கூடினால் பிராசசரும் கிட்டத்தட்ட 12 டிகிரி கூடும். 22 டிகிரி அறையில் 78 காட்டும் பிராசசர் 36 டிகிரி அறையில் 92 காட்டும். 5600 பிராசசருக்கு ஏஎம்டி சொல்லும் உச்சவரம்பு 90, 5600ஜி-க்கு 95. வரம்பைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது ஓவர்கிளாக் செய்ததே வீண். சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அவ்வளவு தினமும் இல்லைதான். ஆனால் மே மாதத்தில் ஏசி இல்லாத மேல்மாடி அறையில் 36 என்பது சாதாரணம்.

எனவே நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை. பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற செட்டிங் இருந்தால் எல்லா கோர்களுக்கும் நெகட்டிவ் 10 கொடுத்துப் பாருங்கள். வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அதனால் பிராசசர் தன் டர்போ வேகத்திலேயே கூடுதல் நேரம் நிற்கும். நன்றாக ஓடினால் நெகட்டிவ் 15. சிப்புக்குச் சிப் இது மாறும் என்பதால் அடுத்தவர் எண்ணை அப்படியே காப்பி அடிக்காதீர்கள். கரன்ட் பில்லும் கொஞ்சம் கவனிக்க வேண்டியதுதான். 30 வாட் கூடுதலாக, தினம் 4 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 7.2 யூனிட். பெரிய தொகை இல்லை. ஆனால் அந்த 30 வாட்டும் உங்கள் அறைக்குள்தான் சூடாக வருகிறது.

மெமரி: இங்கேதான் லாபம்

கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கேம்ஸ் வேகத்தைத் தீர்மானிப்பது பிராசசர் அல்ல, மெமரி. தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்று சொந்த மெமரி இருக்கும். 5600ஜி-யில் இருக்கும் வேகா கிராபிக்ஸ் நாம் போடும் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அதனால்தான் நான் பிராசசரில் விட்டுக்கொடுத்ததை இங்கே எடுக்கச் சொல்கிறேன்.

கணக்கு எளிது. ஒரு மெமரி சேனல் ஒரே முறையில் 8 பைட் அனுப்பும். டிடிஆர்4-3200 என்றால் நொடிக்கு 320 கோடி முறை. பெருக்கினால் நொடிக்கு 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக் போட்டு டூயல் சேனல் ஆக்கினால் 51.2. இதையே 3600 ஆக்கினால் 57.6, 4000 ஆக்கினால் 64. 3200-லிருந்து 4000-க்குப் போக நீங்கள் படும் பாடு அனைத்துக்கும் கிடைப்பது 25 சதவீதம். ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்டிக் போட்டால் நூறு சதவீதம்.

ரிச்சி தெருவில் நாங்கள் ஏறிய முதல் கடையில் "ரெண்டு எட்டு எதுக்கு சார், ஒரே பதினாறா போடுங்க, பின்னாடி இன்னொண்ணு சேர்த்துக்கலாம்" என்றார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். கிராபிக்ஸ் கார்ட் உள்ளவருக்கு அந்த யோசனை ஓரளவு சரி. 5600ஜி வாங்குபவர் அதைக் கேட்டால் வாங்கிய கிராபிக்ஸில் பெரும்பகுதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். இரண்டு 8 ஜிபி, ஒரே பெட்டியில் வரும் ஜோடியாக வாங்குங்கள். மொத்தம் 16 ஜிபி-க்குக் கீழே போக வேண்டாம். கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினால் விண்டோஸுக்கு 14 தான் மிஞ்சும்.

அடுத்தது தாமதம். பெட்டியில் சிஎல்16, சிஎல்18 என்று போட்டிருப்பார்கள். எண் சின்னதாக இருந்தால் நல்லது என்று மட்டும் பார்க்கக் கூடாது. சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி மெமரி வேகத்தால் வகுத்தால் நானோ செகண்டில் தாமதம் கிடைக்கும். 3200 சிஎல்16 என்றால் 10. 3600 சிஎல்18-ம் அதே 10. ஆனால் 3200 சிஎல்22 என்றால் 13.75. இந்தக் கடைசி வகைதான் 'சாதா 3200' என்று அதிகம் விற்கிறது. மூன்றும் வரிசையாகக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் 3600 சிஎல்18 எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் 3200 சிஎல்16. 3600-க்கு இன்னொரு காரணமும் உண்டு. ரைசனுக்குள் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்ற உள்பாதை இருக்கிறது. மெமரி 3600-ல் ஓடும்போது அதன் உண்மையான கிளாக் 1800. ஃபேப்ரிக்கும் 1800-ல் சேர்ந்து ஓடினால் தாமதம் குறையும். 5000 வரிசை பிராசசர்கள் 1800-ஐ பொதுவாகச் சிரமமின்றித் தாங்குகின்றன. 5600ஜி போன்றவை 2000-ஐக் கூடத் தொடுவதுண்டு.

கடையில் பார்க்க வேண்டிய இன்னொன்று, ஸ்டிக்கில் உள்ள சிப்புகளின் எண்ணிக்கை. 8 ஜிபி ஸ்டிக்கில் எட்டு சிப்பும் இருக்கலாம், நான்கு சிப்பும் இருக்கலாம். லேபிளில் 1ஆர்×8 என்றால் எட்டு, 1ஆர்×16 என்றால் நான்கு. நான்கு சிப் ஸ்டிக்கில் பேங்க் குரூப் எண்ணிக்கை பாதிதான். அதே 3200 என்று எழுதியிருந்தாலும் வேலையில் மெதுவாக இருக்கும். ஹீட் ஸ்பிரெடர் மூடியிருந்தால் எண்ண முடியாது. லேபிளைப் படியுங்கள், அதிலும் இல்லையென்றால் கேளுங்கள்.

பழைய மெமரி வாங்கலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். இப்போதைய விலையில் தப்பில்லை. கடையில் பத்து நிமிடம் ஓடியதை வைத்து நம்ப வேண்டாம். இரண்டு நாளில் எரர் வந்தால் மாற்றித் தருவதாக பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். தாம்பரத்திலிருந்து போகிறவர்கள் மின்சார ரயிலில் கிண்டி, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷன் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

மாட்டிய பிறகு

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் சிங்கிள் சேனல் ஆகிவிடும். பிறகு பயாஸுக்குப் போய் எக்ஸ்.எம்.பி. அல்லது டி.ஓ.சி.பி. என்ற செட்டிங்கை ஆன் செய்ய வேண்டும். 3600 மெமரி வாங்கி, இதைத் தொடாமலேயே வருடக்கணக்கில் 2133-லோ 2400-லோ ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பகுதியில் வேகம் தெரியும். உங்களுடையதை இப்போதே பாருங்கள். சிபியு-இசட் புரோகிராமில் பார்த்தால் 1800 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பதற வேண்டாம். டிடிஆர் மெமரி ஒரு கிளாக்குக்கு இரண்டு முறை டேட்டா அனுப்பும். 1800-ஐ இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்.எம்.பி.யும் கணக்குப்படி ஓவர்கிளாக்தான் என்பதை மறக்க வேண்டாம். டிடிஆர்4-ன் சாதாரண வோல்டேஜ் 1.2. எக்ஸ்.எம்.பி.யில் பெரும்பாலும் 1.35. நிர்ணயித்த அளவுக்கு மேல் இயக்கியதால் வரும் சேதம் வாரன்டியில் சேராது என்பது ஏஎம்டியின் நிலைப்பாடு.

டேலிக் கணக்கா, நாலாயிரமா?

பிராசசர் ஓவர்கிளாக் தோற்றால் பொதுவாக கம்ப்யூட்டர் ஹேங்க் ஆகும், நீலத் திரை வரும். உடனே தெரிந்துவிடும். மெமரி ஓவர்கிளாக் அப்படி இல்லை. ஒரே ஒரு பிட் 0-க்குப் பதில் 1 ஆகலாம். கேமில் அது ஒரு புள்ளி நிறம் மாறியதாக இருக்கும், யாரும் கவனிக்க மாட்டோம். அதே பிட் காப்பி ஆகிக்கொண்டிருக்கும் கல்யாண வீடியோவிலோ கடைக் கணக்கு ஃபைலிலோ இருந்தால், அந்தத் தப்பு அப்படியே டிஸ்கில் எழுதப்படும். பேக்கப்பிலும் அதே தப்பு போய் உட்காரும். எப்போது நடந்தது என்றே தெரியாது.

எனவே டெஸ்ட் செய்யாத மெமரி ஓவர்கிளாக்கை வீட்டு கம்ப்யூட்டரில் வைக்கவே கூடாது. மெம்டெஸ்ட்86 இலவசப் பதிப்பை பென் டிரைவில் போட்டு பூட் செய்தால் நான்கு சுற்று ஓடும். இரவு படுக்கப் போகும்போது ஓட விடுங்கள். ஒரு எரர் வந்தாலும் தோல்விதான். 'ஒண்ணே ஒண்ணுதானே' என்ற பேச்சே இல்லை. அதோடு விண்டோஸில் ஈவன்ட் வியூவரைத் திறந்து டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் 19-ம் எண் எச்சரிக்கைகள் இருக்கிறதா பாருங்கள். ஃபேப்ரிக் வேகம் தாங்கவில்லை என்றால் வெளியே எதுவும் தெரியாமல் இங்கே மட்டும் வரிசையாகப் பதிவாகும்.

மாமா பையன் வாங்கியது 3600 சிஎல்18 ஜோடி. எக்ஸ்.எம்.பி.யில் சுத்தமாக ஓடியது. அவனுக்கு 4000 வேண்டும். 1.4 வோல்ட், சிஎல்20, ஃபேப்ரிக் 2000 என்று வைத்தோம். எஸ்ஓசி வோல்டேஜை 1.1-க்கு மேல் ஏற்றவில்லை. விண்டோஸ் வந்தது, கேம் நன்றாக ஓடியது, இரவு மெம்டெஸ்ட்86 நான்கு சுற்றும் பாஸ். அவன் நண்பர்களுக்குப் படம் எடுத்து அனுப்பியும் விட்டான். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு, ஃபேன் மட்டும் ஓடும் அதே அறையில், விண்டோஸுக்குள் டெஸ்ட்மெம்5 ஓட விட்டேன். இருபது நிமிடத்தில் எரர்.

இதற்குக் காரணம் இருக்கிறது. டிராம் மெமரியின் ஒவ்வொரு செல்லும் மிகச் சிறிய மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும். அது கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் தொடர்ந்து புதுப்பிக்க வேண்டும். சூடு கூடினால் கசிவும் கூடும். 85 டிகிரிக்கு மேல் போனால் இரண்டு மடங்கு அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று டிடிஆர்4 விதிமுறையே சொல்கிறது. சாதாரண வேகத்தில் இதற்கெல்லாம் தாராளமாக இடம் விட்டுத்தான் தயாரிப்பாளர்கள் டைமிங்கை வைக்கிறார்கள். நாம் ஓவர்கிளாக் செய்யும்போது அந்த இடைவெளியைத்தான் சாப்பிடுகிறோம். ராத்திரி மிச்சமிருந்தது மதியம் இல்லாமல் போகிறது. ஆகவே நம் ஊரில் மெமரி டெஸ்டை இரண்டு முறை செய்யுங்கள். ஒன்று இரவு, நீண்ட நேரம். இன்னொன்று மதியம், ஏசி போடாமல், கேபினட்டை மூடி வைத்து. மார்கழியில் அசெம்பிள் செய்பவர்கள் மே மாதம் ஒருமுறை திரும்பவும் டெஸ்ட் செய்ய வேண்டும்.

"கேபினட்ல இன்னொரு ஃபேன் போட்டா 4000 ஓடும்ல அண்ணா?" என்று கேட்டான். ஓடலாம். அந்த ஃபேன் தூசி அடைத்து நின்றுபோகும் நாள் வரை ஓடும். 3600-க்கு இறங்கி, வேகத்துக்குப் பதில் தாமதத்தைக் குறைத்தோம். சிஎல்18-லிருந்து 16. கணக்குப் போட்டால் 10 நானோ செகண்ட் 8.9 ஆகிறது. இரவும் மதியமும் பாஸ். 4000-உடன் ஒப்பிட்டால் இழந்தது 10 சதவீத பேண்ட்வித். கேமில் அது இரண்டு மூன்று ஃபிரேம். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டான். கிராபிக்ஸ் கிளாக்கை மட்டும் 1900-லிருந்து 2100-க்கு ஏற்றிக் கொடுத்தேன். அதில் தப்பு வந்தால் திரையில் கோடு கோடாகத் தெரியும், மாமாவின் கணக்கைத் தொடாது.

இன்னும் சில

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வரும் '450 வாட்' எஸ்.எம்.பி.எஸ். வேண்டவே வேண்டாம். 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையுள்ள 450 வாட் போதும். பின்னால் கிராபிக்ஸ் கார்ட் போடுவதாக இருந்தால் 550. யுபிஎஸ் ஒன்று கட்டாயம். இடி மழைக்கு கரன்ட் போய்ப் போய் வரும் ஏரியாவில் பயாஸ் அப்டேட் செய்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் போர்டே போய்விடும்.

5600ஜி-உடன் வரும் ரெய்த் ஸ்டெல்த் ஃபேன் மேலே சொன்ன செட்டிங்குக்குப் போதும். கேபினட்டில் முன்னால் ஒரு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒரு ஃபேன் வெளியே தள்ள இருக்க வேண்டும். முன்பக்கம் முழுக்க கண்ணாடி போட்ட அழகான கேபினட்டுகள் காற்றை விடாது. கம்பி வலை போட்டது பார்க்கச் சுமார்தான், ஆனால் அதை வாங்குங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளம் மறந்திருக்காது. கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேஜை மேல் வையுங்கள். தூசியும் குறைவாகப் போகும்.

கடைசியாக, எல்லா டெஸ்டும் முடிந்ததும் பயாஸில் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட் செய்தாலோ, போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலோ எல்லா செட்டிங்கும் அழிந்து மெமரி மறுபடி 2133-க்குப் போய்விடும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருக்கும், கேம்ஸ் மட்டும் திடீரென்று இழுக்கும். அப்போது விண்டோஸை ரீ-இன்ஸ்டால் செய்யப் போவதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி வேகத்தைப் பாருங்கள். பேட்டரி பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும்.